நெட்டை மலை என்று யாராவது சொல்வோமா?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஆங்கிலப் பெயரடைகளைப் பற்றியவை. "இரண்டுக்கும் அகராதியில் ஒரே பொருள்தானே போட்டிருக்கிறது?" என்பதுதான் பலருக்கும் சந்தேகம்.

‘டால்’, ‘ஹை’ இரண்டுமே ‘உயரமான’தானே? என் மகள் மலைக்கு ‘டால்’ போட்டு எழுதியதை ஆசிரியை அடித்துவிட்டார். அது தவறா?

முழுத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அப்படி எழுதுகிற ஆங்கிலேயர்களும் உண்டு. ஆனால் மலைக்கு இயல்பாக வருவது ‘ஹை’தான்.

‘உயரமான’ என்ற சொல்லைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, ‘நெட்டை’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நெட்டை மனிதர், நெட்டைத் தென்னை என்கிறோம். நெட்டை மலை என்று யாரும் சொல்வதில்லை. ‘டால்’ கிட்டத்தட்ட இந்த நெட்டைதான். தென்னையில் கிழக்குக் கடற்கரை நெட்டை ரகத்துக்கு ஆங்கிலப் பெயரே ‘ஈஸ்ட் கோஸ்ட் டால்’! அடி தரையில் இருக்கும், அகலம் குறைவு, உயரம் அதிகம்: ஆள், மரம், கோபுரம், கம்பம் எல்லாம் ‘டால்’.

‘ஹை’ என்பது தரையிலிருந்து எவ்வளவு மேலே என்பதைச் சொல்வது. பறக்கும் பட்டம் ‘ஹை’, ‘டால்’ ஆகாது. மேகமும் வீட்டின் கூரையும் அப்படியே. அப்புறம், ஆளை மட்டும் ‘ஹி இஸ் ஹை’ என்று எழுதிவிடாதீர்கள். போதையில் இருக்கிறார் என்றுதான் புரிந்துகொள்வார்கள். உங்கள் மகளுக்கு முதலில் சொல்லித் தரவேண்டியது இதைத்தான்.

வெளிநாட்டில் ஓர் உணவகத்தில் குழம்பு காரமாக இருந்தது. ‘டூ ஹாட்’ என்றேன். ஆற வைத்துக் கொண்டுவந்து தந்தார்கள்! ‘ஸ்பைசி’ என்று சொல்லியிருக்க வேண்டுமா?

ஆமாம், அந்த இடத்தில் ‘ஸ்பைசி’ உங்களைக் காப்பாற்றியிருக்கும். சூடு வேறு, காரம் வேறு என்று தமிழ் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஹாட்’ இரண்டையும் சுமக்கிறது. அதனால் அவர்களுக்கே குழப்பம் வந்து, ‘எந்த ஹாட்?’ என்று கேட்டுக்கொள்வதுண்டு.

ஆனால் ‘ஸ்பைசி’யும் காரத்துக்கு மட்டுமே உரிய சொல் அல்ல. பட்டை, கிராம்பு, ஏலக்காய், சாதிக்காய் போன்றவற்றின் மணமும் சுவையும் தூக்கலாக இருந்தாலும் ‘ஸ்பைசி’தான். பட்டையும் கிராம்பும் போட்ட கேக்கில் ஒரு மிளகாய்கூட இருக்காது, அதையும் அப்படிச் சொல்லலாம். ஆகவே கடையில் கேட்கும்போது ‘நாட் டூ ஸ்பைசி’ என்பதோடு நிறுத்தாமல், மிளகாயைக் குறைக்கச் சொல்லி ‘லெஸ் சில்லி’ என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காரத்தை ‘ஹாட்’ என்று சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, அது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். மிளகாயில் காரம் தரும் பொருளான கேப்சைசின், நம் நரம்புகளில் இருக்கும் டிஆர்பிவி1 என்ற ஏற்பியை, அதாவது உணர்வை வாங்கிக்கொள்ளும் புரதத்தை, தூண்டுகிறது. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டை உணர்த்துவதும் அதே ஏற்பிதான். 1997இல் டேவிட் ஜூலியஸின் குழு இதைக் கண்டறிந்தது. 2021இன் மருத்துவ நோபல் பரிசை அவர் பகிர்ந்துகொண்டார். மிளகாயைக் கடித்தாலும் கொதிக்கும் ரசத்தைக் குடித்தாலும் மூளைக்குப் போகும் சேதி ஒன்றுதான். நாமும் ‘நாக்கு எரிகிறது’ என்றுதானே சொல்கிறோம்?

‘ஹிஸ்டாரிக்’, ‘ஹிஸ்டாரிக்கல்’: எதை எங்கே போடுவது?

முதலாவது ‘வரலாற்றுச் சிறப்புமிக்க’, இரண்டாவது ‘வரலாறு சார்ந்த’. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்த உப்பு யாத்திரை ‘ஹிஸ்டாரிக்’. அதை ஆராய்ந்து நீங்கள் எழுதும் கட்டுரை ‘ஹிஸ்டாரிக்கல்’.

பெட்ரோல் லாரியில் ‘ஹைலி இன்ஃபிளேமபிள்’ என்று எழுதியிருக்கிறது. ‘இன்’ வந்தால் எதிர்ப்பதம் அல்லவா? அப்படியானால் தீப்பிடிக்காது என்றா பொருள்?

இல்லவே இல்லை. ‘ஃபிளேமபிள்’, ‘இன்ஃபிளேமபிள்’ இரண்டுக்கும் பொருள் ஒன்றே: எளிதில் தீப்பற்றக்கூடியது. தீ மூட்டுவதைக் குறிக்கும் ‘இன்ஃபிளமாரே’ என்ற லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் இது. இந்த ‘இன்’ எதிர்மறை அல்ல.

உங்களுக்கு வந்த குழப்பம் ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கும் வரும். ஆபத்தாயிற்றே என்று 1920களில் அமெரிக்காவின் தேசியத் தீத் தடுப்புச் சங்கம் ‘ஃபிளேமபிள்’ என்றே எழுதும்படி வலியுறுத்தியது. 1959இல் பிரிட்டனின் தர நிறுவனமும் அதையே பரிந்துரைத்தது. எதிர்ப்பதம் ‘நான்-ஃபிளேமபிள்’. கிடங்கிலோ பட்டறையிலோ எச்சரிக்கைப் பலகை எழுத நேர்ந்தால், தயவுசெய்து ‘ஃபிளேமபிள்’ என்றே எழுதுங்கள். பக்கத்தில் தமிழிலும் எழுதுங்கள்.

பெண்ணின் ஜாதகத்தோடு அனுப்பும் விவரத்தில் ‘ஹோம்லி’ என்று போட்டோம். அமெரிக்காவில் வளர்ந்த அண்ணன் மகள், ‘அத்தை, அதை உடனே எடுங்கள்’ என்கிறாள். ‘ஹோமி’ என்று மாற்றலாமா?

அவள் சொல்வது சரி, எடுத்துவிடுங்கள். அமெரிக்காவில் ஒருவரை ‘ஹோம்லி’ என்றால் பார்க்க அழகில்லாதவர் என்று பொருள். பிரிட்டனில் பெரும்பாலும் வீட்டையும் சாப்பாட்டையும் சொல்வார்கள், அங்கே அது இதமான, எளிமையான என்ற நல்ல சொல். ‘குடும்பப் பாங்கான’ என்ற பொருள் நம் நாட்டு வழக்கு. ‘ஹோமி’யும் இங்கே உதவாது. சொந்த வீடு போலத் தோன்றும் இடத்துக்குத்தான் அது பொருந்தும், மனிதருக்கு அல்ல.

குடும்பப் பாங்கு என்பதை அப்படியே தாங்கும் ஒற்றைச் சொல் ஆங்கிலத்தில் இல்லை. தேடவும் வேண்டாம். அவள் என்ன படித்தாள், எதில் ஆர்வம், வீட்டில் யாரோடு ஒட்டுதல் அதிகம் என்று நான்கு வரி எழுதுங்கள். அனுப்பும் முன் அந்தப் பெண்ணிடம் ஒருமுறை படித்துக் காட்டிவிடுங்கள்.