ஓ பொசிட்டிவுக்கு ஓ நெகட்டிவ் சிறுநீரகம் பொருந்துமா?

கேள்வி: பருத்தித்துறையிலிருந்து எழுதுகிறேன். கணவருக்கு 46 வயது. பிரஷரால் இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, யாழ். போதனா வைத்தியசாலையில் கிழமைக்கு இரண்டு தரம் டயாலிசிஸ் செய்கிறோம். அவர் ஓ பொசிட்டிவ், நான் பி. அவருடைய தங்கை தரத் தயார், ஆனால் அவ ஓ நெகட்டிவ். ‘அது பொருந்தாது, சென்னையில் ஆள் இருக்கு, 60 இலட்சம்’ என்கிறார் ஒரு தரகர். காணியை ஈடு வைக்கலாமா?

பதில்: வைக்க வேண்டாம். அடுத்த கிளினிக்குக்கு உங்கள் மச்சாளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

சிறுநீரகம் மாற்றும்போது பிளஸ், மைனஸ் பார்ப்பதில்லை. ஏ, பி என்ற அடையாளங்கள் சிறுநீரகத்தின் இரத்தக்குழாய்களிலும் இருக்கும், அதனால் அவை பொருந்த வேண்டும். பொசிட்டிவ் என்கிற அடையாளம் செங்குருதிக் கலத்தில் மட்டும்தான். ஓ பொசிட்டிவுக்கு ஓ நெகட்டிவ் தரலாம், ஓ நெகட்டிவுக்கு ஓ பொசிட்டிவும் தரலாம். பொசிட்டிவ், நெகட்டிவ் என்று பயப்படுவது இரத்தம் ஏற்றும்போது வரவேண்டிய பயம். சனத்துக்கு அந்தப் பயம் இருப்பது தரகருக்கு நன்றாகத் தெரியும். வீட்டிலேயே தரக்கூடிய ஒருவரைத் தட்டிக்கழித்தால்தானே அவருக்கு வியாபாரம்? நீங்கள் பி என்பதால் உங்களுடையது சரிவராது. தங்கையுடையதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அவவின் வெள்ளைக் கலங்களையும் கணவரின் இரத்த நீரையும் சேர்த்துப் பார்க்கும் குரொஸ் மெச் பரிசோதனைதான் முக்கியம். அடிக்கடி இரத்தம் ஏற்றினால், பிறர் கலங்களைத் தாக்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் கூடி, அந்தப் பரிசோதனையில் பொருந்தாமல் போகலாம். ஆகவே ‘இரத்தம் குறைவு, ஏற்றுவோம்’ என்றால், ஊசி மருந்தால் கூட்ட முடியாதா என்று முதலில் கேளுங்கள்.

சென்னைக் கதைக்கு வருவோம். இந்தியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம். 5 முதல் 10 ஆண்டு வரை சிறை. இலங்கையிலும் 1987ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தடுக்கிறது. தரகர் செய்வது, யாரோ ஒரு ஏழையைச் சொந்தக்காரராகக் காட்டிப் பொய்க் கடதாசி தயாரிப்பது. அதில் கையெழுத்து வைப்பது நீங்கள். கொடுத்தவருக்கு என்ன தொற்று இருந்தது, என்ன மருந்து கொடுத்தார்கள் என்ற விபரம் இல்லாமல் திரும்பி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். யாரைக் கேட்பது? தரகரின் தொலைபேசி அதற்குள் நின்றுவிடும்.

கண்டியிலும் கொழும்பிலும் அரச வைத்தியசாலைகளில் இந்தச் சத்திரசிகிச்சை இலவசம். அலைச்சல் உண்டு, மறைக்கவில்லை. ஒரு பரிசோதனை முடிவு வருவதற்குள் மற்றது பழசாகிவிடும், ஒரு கையெழுத்துக்காக நோயாளியே இரவு பஸ் ஏற வேண்டும். வடக்கில் இருப்பவருக்கு ஏன் இந்தத் தண்டனை என்று எனக்கும் ஆத்திரம்தான். தரகர்கள் பிழைப்பது இந்தத் தாமதத்தில்தான்.

மச்சாளைப் பற்றி: சலரோகம், பிரஷர் இல்லை, சிறுநீரில் புரதம் போகவில்லை என்றால்தான் எடுப்பார்கள். மிஞ்சிய சிறுநீரகம் கொஞ்சம் பருத்து வேலையைக் கூட்டிக்கொள்ளும். ஒன்றரை மாதம் பாரம் தூக்கக்கூடாது, வருடாவருடம் பிரஷரும், சிறுநீரகம் வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் அளவும் பார்க்க வேண்டும். அவவுக்குத் தனியாக ஒரு வைத்தியர் விளக்கட்டும், வீட்டார் அருகில் நிற்க வேண்டாம்.

தரகருக்குப் பாஸ்போர்ட் பிரதி, கிளினிக் கொப்பி எதுவும் கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பி வாங்குங்கள்.