எக்ஸ்இ செட்டப்பை எம்எஸ்ஐ (விண்டோஸ் இன்ஸ்டாலர் நிறுவும் பேக்கேஜ்) ஆக ரீபேக்கேஜ் செய்ய வெறும் விண்டோஸ் மெஷின் நல்லதா, கம்பெனி இமேஜ் ஏற்றிய மெஷின் நல்லதா?

கேப்சரை (செட்டப் மெஷினில் செய்யும் மாற்றங்களைப் பதிவெடுப்பதை) வெறும் விண்டோஸில் செய்யுங்கள், சோதனையைக் கம்பெனி இமேஜில் (கம்பெனி மென்பொருள்களோடு தயார்செய்த விண்டோஸில்) செய்யுங்கள். எவ்வளவு வெறுமையாக இருக்க வேண்டும் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

அதற்கு முன், அந்த எக்ஸ்இ-க்குள்ளேயே ஓர் எம்எஸ்ஐ ஒளிந்திருக்கிறதா பாருங்கள். செட்டப்பை ஓட்டி, முதல் திரை வந்ததும் மூடாமல் டெம்ப் ஃபோல்டரைத் திறந்தால் பல சமயம் அங்கே கிடக்கும். கிடைத்துவிட்டால் கேப்சரே வேண்டாம், ஓர் எம்எஸ்டி (எம்எஸ்ஐ-யைத் தொடாமல் அதன் அமைப்புகளை மாற்றும் கோப்பு) போதும். தயாரிப்பாளரின் எம்எஸ்ஐயைக் கேப்சர் செய்து வேறொன்று உண்டாக்கினால், பின்னால் அவர்கள் தரும் பேட்ச் அதில் ஏறாது.

கிடைக்கவில்லை என்றால் கேப்சர்தான். டூல் போடுவது கழித்தல் கணக்கு: நிறுவிய பின் எடுத்த ஸ்னாப்ஷாட்டிலிருந்து (மெஷின் நிலையின் பதிவிலிருந்து) முன்பு எடுத்ததைக் கழிக்கிறது. ஏற்கெனவே மெஷினில் இருப்பது மிச்சத்தில் வராது. கம்பெனி இமேஜில் விஷுவல் சி++ ரன்டைம் (மென்பொருள் ஓடத் தேவையான பொது டிஎல்எல் கோப்புகள்) இருந்தால் செட்டப் அதைப் பார்த்துத் தாண்டிப் போய்விடும், பேக்கேஜிலும் இருக்காது. உங்கள் மெஷினில் ஜோராக ஓடுவது, ரன்டைம் இல்லாத இன்னொன்றில் டிஎல்எல் காணோம் என்று நின்றுவிடும்.

இன்னொன்று கண்ணில் படாத கோளாறு. ஒரு பொது டிஎல்எல்லை எத்தனை மென்பொருள்கள் பயன்படுத்துகின்றன என்ற எண் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புகள் பதியும் இடத்தில்) இருக்கும். ஏற்கெனவே மென்பொருள்கள் ஏற்றிய மெஷினில் 5 இருந்தது 6 ஆகும். டூலின் விலக்குப் பட்டியலில் அந்தக் கிளை இல்லையென்றால் 6 என்பதே பேக்கேஜில் பதிந்து, போகும் இடமெல்லாம் கணக்கைக் குலைக்கும். பாத் மாறியையும் (நிரல்களைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) இதே கண்ணோடு பாருங்கள்: புதிதாகச் சேர்ந்த துண்டு மட்டும் இருக்க வேண்டும், முழு வரியும் இருந்தால் பயனரின் பாத் அழிந்துபோகும்.

வெறும் மெஷினில் சிக்கல் தலைகீழ். செட்டப் கூடவே போட்ட ரன்டைம் எல்லாம் பேக்கேஜுக்குள் வந்துவிடும். அப்படியே விட்டால் ஒருநாள் அன்இன்ஸ்டால் செய்யும்போது, வேறு மென்பொருள் நம்பியிருந்த டிஎல்எல்லும் சேர்ந்து போகலாம். அதனால் முதல் ஓட்டத்தை வேவு பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். என்னென்ன ரன்டைம் ஏறியது என்று நிறுவிய மென்பொருள் பட்டியலில் பார்த்துக் குறித்துக்கொண்டு, விஎம்-ஐ (கேப்சர் செய்யும் மெய்நிகர் மெஷினை) சுத்த நிலைக்குத் திருப்பி, அவற்றை மட்டும் கையால் நிறுவி, அந்த நிலைக்குத் தனி செக்பாயின்ட் (பின்னர் திரும்பக்கூடிய நிலைப் பதிவு) எடுத்து, பிறகு கேப்சர் செய்யுங்கள். குறித்துவைத்த பட்டியல்தான் டிப்ளாய்மென்ட்டில் முன்தேவையாகப் போக வேண்டியது.

எக்செல் ஆட்-இன் போன்றவற்றுக்கும் இதே வழிதான். ஆபீஸ் இல்லாத மெஷினில் செட்டப் ஆட்-இன்னைப் போடாமலே 'வெற்றி' என்று முடிக்கலாம். பயனர்களிடம் உள்ள அதே பிட் ஆபீஸை, 32 ஆனால் 32, முதலில் ஏற்றுங்கள்.

விண்டோஸ் 11 விஎம்-க்குக் குறைந்தது 4 ஜிபி ராம், 64 ஜிபி டிஸ்க், மெய்நிகர் டிபிஎம் (பாதுகாப்பு சிப்) தேவை. டொமைனில் சேர்க்காதீர்கள், குரூப் பாலிசி (கம்பெனி டொமைன் வழியே வரும் அமைப்பு விதிகள்) எழுதுவதும் கேப்சரில் விழும். விண்டோஸ் அப்டேட், சர்ச் சேவைகளை நிறுத்துங்கள். டிஃபெண்டரின் நேரடிக் கண்காணிப்பை அணைத்தாலும் சற்று நேரத்தில் தானே விழித்துக்கொள்ளும், அணைப்பதையே தடுக்கும் டாம்பர் புரொடெக்‌ஷனையும் பாருங்கள். டாட்நெட் ஏற்றியிருந்தால் பின்னணியில் நேட்டிவ் இமேஜ் (முன்கூட்டியே மெஷின் மொழிக்கு மாற்றிய கோப்புகள்) கட்டிக்கொண்டிருக்கும். டாட்நெட்டின் என்ஜென் கட்டளையால் வரிசையில் நிற்பதை முடிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நூற்றுக்கணக்கான அநாவசியக் கோப்புகள் சேரும். பாக்கி ரீபூட்டை முடித்துவிட்டுத்தான் செக்பாயின்ட். கேப்சர் டூலை நெட்வொர்க் ஷேரிலிருந்து ஓட்ட முடிந்தால் உள்ளே நிறுவவே வேண்டாம்.

நிறுவியதும் மென்பொருளை ஒருமுறை திறந்து, உரிம ஒப்பந்தத்தை ஏற்று, ஆட்டோ அப்டேட்டை அணைத்து, மூடிவிட்டு இரண்டாவது ஸ்னாப்ஷாட் எடுங்கள். கேப்சரில் வந்த பட்டியலிலிருந்து தேவையற்றதைக் கையால் சலிக்கத்தான் அதிக நேரம் பிடிக்கும்.

சோதனையில் கம்பெனி இமேஜ் மெஷினில் சிஸ்டம் கணக்கால் (விண்டோஸின் சேவைகள் ஓடும் உள்கணக்கு) நிறுவி, அட்மின் உரிமை இல்லாத பயனராக நுழைந்து திறந்து பாருங்கள். ஷார்ட்கட்டை அழுத்தும்போதெல்லாம் ரிப்பேர் ஓடினால், கேப்சரில் வந்த தற்காலிகக் கோப்பு எதுவோ கீபாத்தாக (ஒரு காம்போனென்ட், அதாவது பேக்கேஜின் ஒரு பகுதி, சரியாக உள்ளதா என்று பார்க்கும் அடையாளக் கோப்பாக) மாட்டியிருக்கலாம். ஈவன்ட் வியூவரில் எம்எஸ்ஐ இன்ஸ்டாலர் பதிவு எந்த காம்போனென்ட் என்று காட்டும்.