ஏழு நாளில் சிம்லா, மணாலி, லே: மூன்றும் வேண்டாமே

கேள்வி: மே கடைசி வாரம் ஏழு நாள் விடுமுறை. நான், மனைவி, பத்து வயது மகன், அப்பா (68, பிபி மாத்திரை சாப்பிடுகிறார்), அம்மா (முட்டி வலி). டெல்லி போய் அங்கிருந்து சிம்லா, மணாலி, லே மூன்றையும் பார்த்துவிட்டு வரலாமா? மகனுக்குப் பனியில் விளையாட வேண்டும். அப்பாவுக்கு நந்தாதேவி சிகரத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

பதில்: முதல் வேலையாகப் பட்டியலிலிருந்து லேயை அடித்துவிடுங்கள். சிம்லா சுமார் 2,200 மீட்டர், மணாலி அதைவிடக் கொஞ்சம் குறைவு, நம் ஊட்டி 2,240. அதாவது உங்கள் அப்பா ஊட்டியில் சாதாரணமாக நடமாடியவர் என்றால் இந்த இரண்டு ஊரின் உயரமும் அவரைப் பெரிதாகப் படுத்தாது. லே அப்படியில்லை, 3,500 மீட்டர். அங்கே ஒரு மூச்சுக்குக் கிடைக்கிற ஆக்சிஜன் கடற்கரை ஊரில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். மணாலியிலிருந்து சாலை வழியாகப் போனால் இன்னும் மோசம், வழியில் பாரலாச்சா லா கணவாய் 4,800 மீட்டருக்கு மேல், தங்லங் லா கணவாய் 5,300க்கு மேல், நடுவில் சர்ச்சுவில் கூடாரத்தில் படுத்தால் அதுவே 4,200க்கு மேல். தலைவலி, குமட்டல், தூக்கம் வராமல் புரள்வது என்று முதல் இரவே ஆரம்பிக்கும், பிபி உள்ளவரை அங்கே வைத்துக்கொண்டு மருத்துவமனை தேடுவது விளையாட்டில்லை. மே கடைசியில் அந்தச் சாலை திறந்திருக்குமா என்பதே அந்த வருடப் பனியைப் பொறுத்த விஷயம்.

சரி, சிம்லாவும் மணாலியும்? வரைபடத்தில் பக்கத்தில் பக்கத்தில் தெரியும், 250 கிலோமீட்டர்தானே என்று தோன்றும். மலையில் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்காதீர்கள், எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். அது ஏழெட்டு மணி நேரப் பயணம், சீசன் நெரிசலில் சிக்கினால் பத்து. அம்மாவின் முட்டி அவ்வளவு நேரம் மடங்கியே இருந்தால் மறுநாள் ஓட்டல் அறையில்தான் கழியும். அதனால் ஒன்றை விடத்தான் வேண்டும். கால்கா–சிம்லா குட்டி ரயில் ஆசை இருந்தால் சிம்லா. 1903ல் ஆரம்பித்தது, 96 கிலோமீட்டர், நூற்றுக்கும் மேல் சுரங்கங்கள், ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆடி அசைந்து ஏறும், உண்மையிலேயே அருமையான பயணம். ஆனால் மே கடைசியில் சிம்லாவில் பனி கிடையாது. பையனுக்குப் பனி என்று வாக்குக் கொடுத்துவிட்டீர்கள் போலிருக்கிறது, ஆகவே மணாலிப் பக்கம் போங்கள்.

மணாலிப் பக்கம் என்றுதான் சொன்னேன், மணாலியிலேயே தங்கச் சொல்லவில்லை. அந்த வாரத்தில் மால் ரோடு திருவிழாக் கூட்டம். இருபது கிலோமீட்டருக்கு முன்னாலேயே, பியாஸ் ஆற்றின் இடது கரையில் நக்கர் என்று ஒரு ஊர், நாலு இரவும் அங்கேயே இருங்கள். ஆப்பிள் தோட்டங்கள், தேவதாரு மரங்கள், கீழே பள்ளத்தாக்கு முழுக்க விரிந்து கிடக்கும். நக்கர் கோட்டைச் சுவரைக் கொஞ்சம் நின்று பாருங்கள், ஒரு வரிசை கல், ஒரு வரிசை தேவதாரு சட்டம் என்று சிமென்ட் இல்லாமல் அடுக்கியிருப்பார்கள், நிலநடுக்கம் வந்தால் விறைத்து நிற்காமல் கொஞ்சம் அசைந்து கொடுக்கட்டும் என்றுதான் அந்தக் கட்டுமானம். ஓவியர் நிகோலஸ் ரோரிக் கடைசிவரை வாழ்ந்த வீடும் அங்கேதான்.

அறை பதிவு செய்யும்போது ஒரே ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: "வண்டி நிற்கிற இடத்திலிருந்து அறை வாசல் வரை எத்தனை படி?" மலையில் ஓட்டல்கள் சரிவில் தொங்கிக்கொண்டிருக்கும், படத்தில் பால்கனி தெரியும், படிக்கட்டு தெரியாது. ஒருமுறை ஒரு குடும்பத்தைக் கூட்டிப்போய் இறக்கினால், சாலையிலிருந்து கீழே எண்பது சொச்சம் படி, அவர்களோடு வந்த பாட்டி மூன்றாவது வளைவிலேயே உட்கார்ந்துவிட்டார். அதிலிருந்து படியை எண்ணிச் சொல்லாத இடத்தில் நான் அறை எடுப்பதில்லை.

பனிக்கு மணாலிக்கு மேலே இருக்கிற ரோத்தாங் கணவாய். 3,978 மீட்டர், அனுமதிச்சீட்டு வேண்டும், தினசரி இவ்வளவு வண்டிதான் என்று கணக்கு உண்டு, பராமரிப்புக்காகச் செவ்வாய்க்கிழமை பொதுவாக மூடிவிடுவார்கள், அதனால் நாளைப் பார்த்து முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள். நீங்களும் மனைவியும் பையனும் மட்டும் விடியற்காலையில் கிளம்புங்கள், மேலே ஒரு மணி நேரம் போதும், பையன் ஓடிக் குதித்தால் தலை வலிக்கும், வலித்தால் உடனே இறங்கிவிடுங்கள். சாலையோரப் பனி அந்த மாதத்தில் புகை படிந்து கறுத்திருக்கும், கொஞ்சம் தள்ளிப் போனால்தான் வெள்ளை. அப்பாவையும் அம்மாவையும் இன்னொரு நாள் அடல் சுரங்கம் வழியாக சிஸ்ஸு கிராமம் வரை கூட்டிப்போய் வரலாம். ஒன்பது கிலோமீட்டர் சுரங்கம், இந்தப் பக்கம் பச்சை மலையில் நுழைந்து அந்தப் பக்கம் லாஹௌலின் வறண்ட மலையில் வெளியே வருவீர்கள், அது 3,100 மீட்டர்தான், ஒரு மதியம் இருந்துவிட்டுத் திரும்பலாம். இருந்தாலும் கிளம்புவதற்கு முன் அப்பாவின் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அப்புறம், டெல்லிக்குப் பதில் சண்டிகருக்கு விமானம் கிடைத்தால் அதை எடுங்கள். முதல் இரவு அங்கே படுத்து, காலை ஆறு மணிக்குள் கார் கிளம்பிவிட வேண்டும். பையனை வெறும் வயிற்றோடு ஏற்றாதீர்கள், முன் சீட்டில் உட்கார வையுங்கள், செல்போனைப் பிடுங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாந்தி பாதி குறையும்.

நந்தாதேவிதான் மிச்சம். அது இந்தப் பக்கமே இல்லை, உத்தரகாண்டில் இருக்கிறது. மே, ஜூனில் சமவெளிப் புழுதியும் காட்டுத்தீப் புகையும் சேர்ந்து, அதைப் பார்க்கப் போகிற கௌசானி என்ற மலை ஊரிலிருந்து பார்த்தால் பல நாள் சாம்பல் நிற வானம்தான் தெரியும், செலவு செய்து போனவர்கள் எத்தனையோ பேர் ஏமாந்து திரும்பியிருக்கிறார்கள். நவம்பரில் அப்பாவை மட்டும் தனியாகக் கூட்டிப்போங்கள். டெல்லியிலிருந்து இரவு ரயிலில் காட்கோதாம், அங்கிருந்து காரில் ஐந்தாறு மணி நேரம், கௌசானியில் இரண்டு இரவு. விடிவதற்கு முன்பே எழுப்பிக் கம்பளியைச் சுற்றி மொட்டை மாடியில் உட்கார வைத்துவிடுங்கள், திரிசூல் சிகரத்துக்கு வலப்பக்கம் கொஞ்சம் தள்ளி, பின்னால் நிற்பதுதான் அவர் கேட்ட சிகரம்.