"நல்லாத்தான் இருக்கேன்" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டார்!

கேள்வி: என் கணவர் லாரி டிரைவர். மூன்று வருடத்துக்கு முன் நடந்த விபத்தில் கூட வந்த கிளீனர் இறந்துவிட்டார். இவருக்குக் கால் எலும்பு கூடிவிட்டது, ஆனால் ஆளே மாறிவிட்டார். தூக்கமில்லை, ஹாரன் சத்தம் கேட்டாலே நடுங்குகிறார், பஸ்ஸில்கூட ஏறுவதில்லை. மனநல மாத்திரை சாப்பிடுகிறார். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குப் போனபோது, "நானே குளிக்கிறேன், நானே சாப்பிடுறேன், நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டார். சதவீதம் குறைந்துவிட்டது. இதையெல்லாம் எதை வைத்து அளக்கிறார்கள்?
- பெயர் வேண்டாம், விழுப்புரம் மாவட்டம்

பதில்: சகோதரி, அவர் பொய் சொல்லவில்லை, குளிக்கத்தான் செய்கிறார். ஆனால் நீங்கள் வெந்நீர் விளாவி வைத்து, லுங்கியும் துண்டும் எடுத்துக் கொடுத்து, நாலு தடவை கூப்பிட்டு, அப்புறமும் சத்தம் போட்ட பிறகுதான் எழுந்து போகிறார் என்றால் அதைத் தானாகக் குளிப்பதாகச் சொல்ல முடியாது. யாரும் சொல்லாமலே செய்கிறாரா, சொன்னால் செய்கிறாரா, சொல்லியும் செய்வதில்லையா? டாக்டர் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

நம் நாட்டில் இதற்கு 'ஐடியாஸ்' என்ற அளவுகோல் இருக்கிறது, இந்திய மனநல மருத்துவர் சங்கம் உருவாக்கியது. தன்னைப் பார்த்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை என்று நான்கு விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். நோய் எத்தனை வருடமாக இருக்கிறது என்பதற்குத் தனியாக 4 வரை. ஆக மொத்தம் 20, அதில் 7 வந்தால் 40 சதவீதம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பல சலுகைகளுக்கு அந்த 40தான் வாசல்.

நோயாளி சொல்வதை மட்டும் வைத்து இந்த மதிப்பெண் போடக் கூடாது, கூட இருந்து பார்த்துக்கொள்பவரையும் விசாரிக்க வேண்டும். உங்களை வெளியே உட்கார வைத்திருந்தால் அந்த மதிப்பீடு அரைகுறைதான். மேல்முறையீட்டுக்குச் சட்டத்தில் இடமுண்டு, தள்ளிப்போடாதீர்கள். போகும்போது நீங்களும் உள்ளே போய் உட்காருங்கள். ஒரு சாதாரண நாள் காலையிலிருந்து ராத்திரி வரை எப்படிப் போகிறது, கடைசியாக எந்தக் கல்யாணத்துக்குப் போனார், எங்கே பாதியில் திரும்பினார், வீட்டுக் கணக்கை யார் பார்க்கிறார்கள் என்று எழுதி எடுத்துப் போங்கள். மிகைப்படுத்த வேண்டாம், நல்லபடியாக இருக்கும் நாட்களையும் சேர்த்தே சொல்லுங்கள். ஓ.பி. சீட்டு எல்லாவற்றையும் கையில் வையுங்கள்.

விபத்து இழப்பீட்டு வழக்கு இருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். சான்றிதழில் உள்ள சதவீதமும் சம்பாதிக்கும் திறன் இழப்பும் ஒன்றல்ல என்று ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இடது கையை இழந்த டிரைவருக்குப் பிழைப்பே போய்விடலாம், அரசு அலுவலக எழுத்தருக்கு வேலை அப்படியே இருக்கலாம் என்பது அந்தத் தீர்ப்பு காட்டும் உதாரணம். ஹாரனுக்கு நடுங்குபவர் எப்படி லாரி ஓட்டுவார்? உங்கள் வக்கீல் இதை வலியுறுத்த வேண்டும், சிகிச்சை தரும் மனநல மருத்துவரைச் சாட்சியாகவும் அழைக்க வேண்டும்.

வழக்குக்காக மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், அப்படி யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். மூன்று வருடமாக அவரைத் தாங்கிப் பிடிப்பவர் நீங்கள். உங்களுக்கே பேச ஆள் வேண்டும் என்றாலும் அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடலாம், இலவசம்தான், தமிழிலேயே பேசுவார்கள்.