உறைந்த தேன் – கடிதம்

அன்புள்ள அம்மா,

நவம்பரில் ஒரு கண்காட்சியில் நான்கு வகைத் தேன் வாங்கினேன்: காப்பிப்பூ, நாவல், சூரியகாந்தி, ரப்பர். டிசம்பரில் சூரியகாந்தித் தேன் நெய்போல உறைந்துவிட்டது. சர்க்கரைப் பாகு என்று நினைத்துக் கொட்டிவிட்டேன். நாவல் தேன் கசக்கிறது. ரப்பர் தேன் சப்பென்று இருக்கிறது. இவையும் போலியா? காலையில் வெந்நீர், எலுமிச்சையோடு குடிக்க எது நல்லது? ஏழு மாத மகனின் நாக்கில் தினமும் ஒரு துளி தடவச் சொல்கிறார் மாமியார். எதைத் தரலாம்?

சுமதி, ராமமூர்த்தி நகர், பெங்களூரு

அன்புள்ள சுமதி,

கொட்டிவிட்டீர்களே! கேட்டுவிட்டுக் கொட்டியிருக்கக் கூடாதா? தேனில் நீர் குறைவு, சர்க்கரை மிகுதி. அந்தச் சர்க்கரையில் குளுக்கோஸின் பங்கு கூடினால் தேன் சீக்கிரம் உறையும். சூரியகாந்தியும் கடுகும் அந்த வகை. சில வாரங்களிலேயே இறுகிவிடும். அதிலும் 14 டிகிரியை ஒட்டிய குளிரில்தான் தேன் மிக வேகமாக உறைகிறது. பெங்களூருவின் டிசம்பர் இரவு ஏறக்குறைய அந்தக் குளிர்தான். சென்னையில் நெடுநாள் இளகி நிற்கிற தேன் இங்கே வந்தால் இறுகும். பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் நிறுத்தியிருந்தால் இளகியிருக்கும்.

உறைந்ததாலேயே அசல் என்றும் நான் சொல்லவில்லை. தண்ணீரில் சொட்டு விடுவது, தீக்குச்சியில் தடவிக் கொளுத்துவது, கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்ப்பது எல்லாம் வீண் வேலை. 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுகளின் தேனைச் சோதித்தது. இங்குள்ள வழக்கமான சோதனைகளில் பெரும்பாலானவை தேறிவிட்டன. பாகுக் கலப்பைக் கண்டுபிடிக்கும் ஜெர்மனி ஆய்வகத்தின் காந்த அதிர்வுச் (NMR) சோதனையில் 10 பிராண்டுகள் தோற்றன. ஆய்வகத்தையே ஏமாற்றும் பாகு உங்கள் தீக்குச்சிக்கா சிக்கும்?

நாவல் தேன் கசக்கத்தான் செய்யும். நீலகிரியில் கசப்புத் தேன் என்று தனியே பெயரிட்டே விற்கிறார்கள். எலுமிச்சை பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சுடுநீரில் கரைத்துப் புளிப்பையும் பிழிந்த பிறகு அது எந்தப் பூவின் தேனாக இருந்தால் என்ன?

ஆனால் ரப்பர் தேனைச் சப்பென்று இருக்கிறது என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டீர்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நான் ரப்பர் விளையும் குமரி மாவட்டத்துக் குலசேகரத்தில் பிறந்தவள். ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதே இல்லை, தெரியுமா? குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்த்த மரம் புதிதாகத் துளிர்க்கும். மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் சிறு சுரப்பிகள் இருக்கும். தளிர்ப் பருவத்தில் அவற்றில் இனிப்பு நீர் கசியும். அதைத்தான் தேனீக்கள் சேர்க்கின்றன. ஜனவரி முதல் மார்ச் வரை எங்கள் பக்கம் அதுதான் தேன் காலம். பூவின் மணம் ஏறாததால் அதன் இனிப்பு அடங்கி நிற்கும். அதைக் கண்டுகொள்ளும் பொறுமை நாக்குக்கு வேண்டும். என் பெரியம்மா தோட்டத்தில் தேன்பெட்டிகள் வைத்திருந்தார். விரல் நுனியில் தொட்டு வைத்தே இது முதல் எடுப்பு, இதில் வேறு பூ கலந்துவிட்டது என்று சொல்லிவிடுவார். அவரிடம் யாரும் அசலா என்று கேட்டதில்லை. எந்த மாதத்துத் தேன் என்றுதான் கேட்பார்கள்.

1991-92இல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் வந்தது. தேனீயின் இளம்புழுக்கள் நீர் கோத்த பைகளாகப் பெட்டிக்குள்ளேயே செத்துக் கிடந்தன. தென்னிந்தியாவில், பெட்டிகளில் வளர்க்கும் அடுக்குத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதி அழிந்தது. காப்பி விளையும் குடகும் தப்பவில்லை. உங்கள் அலமாரியில் இருக்கும் காப்பிப்பூத் தேன், பிழைத்த கூட்டங்களிலிருந்து மெல்ல மெல்லப் பெருக்கி எடுத்த தேனீக்களின் உழைப்பாக இருக்கலாம். பெரியம்மா காலிப் பெட்டிகளை விறகாக்க விடவில்லை. தை பிறக்கும் முன் அவற்றைத் துடைத்து வெயிலில் வைப்பார். ஈ வந்து குடியேறும் என்று காத்திருந்தார். சில பெட்டிகளுக்கு வந்தது. அந்த முதல் தேனை எங்கள் எல்லோருடைய உள்ளங்கையிலும் ஒவ்வொரு சொட்டு விட்டார். அந்தச் சொட்டு நாவில் பட்டவர் எவரும் ரப்பர் தேனைச் சப்பென்று சொல்லமாட்டார்கள்.

ஆண்டு முழுவதும் ஒரே நிறம், ஒரே பாகுப்பதம், ஒரே இனிப்பு என்று கடைகள் நம்மைப் பழக்கிவிட்டன. அதனால்தான் கசந்தால் போலி, உறைந்தால் போலி என்கிறீர்கள். தேன் என்றால் மாறத்தான் வேண்டும். கொட்டாத சிறு தேனீக்களின் கொசுத்தேன் நீர்த்து, புளிப்பாக இருக்கும். மலைத்தேனீ காட்டின் பல பூக்களையும் கலக்கும். பெங்களூருவின் சாலையோரப் புங்கமரங்கள் கோடையில் பூத்துத் தரையெங்கும் உதிர்க்கின்றன. அடுக்குமாடிச் சுவரில் மலைத்தேனீ கூடு கட்டினால் உடனே மருந்தடிக்க ஆளைக் கூப்பிடுகிறோம். பிறகு கண்காட்சிக்குப் போய் நல்ல தேன் எங்கே என்று தேடுகிறோம். அடுத்த முறை வாங்கும்போது எந்தப் பூ, எந்த மாதம், எந்த ஈ என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வாங்குங்கள்.

குழந்தைக்கு எதுவும் வேண்டாம். ஒரு வயது முடியும்வரை ஒரு துளிகூடக் கூடாது. எவ்வளவு நல்ல தேனிலும் பாட்டுலிசம் என்ற, உடலைச் செயலிழக்க வைக்கும் நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கலாம். நமக்கு அது ஒன்றும் செய்யாது, பிஞ்சுக் குடல் தாங்காது. சேனை வைத்து வளர்ந்த பிள்ளைகள்தானே நாமெல்லாம் என்று மாமியார் சொல்வார். கோபப்படாமல், குழந்தை மருத்துவரிடம் அவரையும் அழைத்துப் போங்கள்.

அன்புடன்.