அந்தக் காலத்தில் பச்சை குத்தியவர்கள் மையை எப்படித் தயாரித்தார்கள்?

மெஷின் இல்லாத அந்தக் காலத்தில் நம் ஊர்களில் பச்சை குத்தியவர்கள் பெரும்பாலும் குறவர் பெண்கள்தான். தெருத்தெருவாக வருவார்கள்.

மை தயாரிப்பதே ஒரு தனிக்கலை. மஞ்சளையும் அகத்திக்கீரையையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் தடவித் திரியாகச் சுருட்டுவார்கள். விளக்கெண்ணெய் விளக்கில் அதை எரித்து, மேலே புதுச் சட்டியைக் கவிழ்ப்பார்கள். சட்டியில் படிந்த கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை தயார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைப் பதிவு செய்திருக்கிறார்.

சரி, கரி கறுப்புதானே, எப்படிப் பச்சையாகிறது? மை தோலின் உள்ளடுக்கில் தங்குகிறது. மேல்தோல் வழியாக ஒளி சிதறி வருவதால் நமக்கு நீலப்பச்சையாகத் தெரிகிறது.

மூன்று நான்கு தையல் ஊசிகளை நூலால் சேர்த்துக் கட்டிக் குத்துவார்கள். வலி தெரியாமலிருக்கப் பாட்டும் பாடுவார்கள்! அப்புறம் தண்ணீரில் கழுவி, வீக்கம் வராமலிருக்க மஞ்சள் பூசுவார்கள். கோலம், தேள், மீன், கணவன் பெயர் என்று கேட்டதைக் குத்துவார்கள். புள்ளிக்கோலத்தை அழிக்கவே முடியாத தோலில் பிசகாமல் போட்ட அந்தக் கைகளை நாம் ஓவியர்களின் வரிசையில் வைக்கவே இல்லை. எனக்கு அது பெரிய குறை.