வேதாகமப் பட்டப்படிப்பைத் தேர்ந்தெடுக்கும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஊழியப் பயிற்சிக்கு ஆயத்தமாகிறவர்கள் அனுப்பும் கேள்விகளில் பெரும்பாலானவை “எந்தக் கல்லூரி நல்லது?” என்றே தொடங்குகின்றன. எந்தத் திருச்சபையில், எந்த ஊழியத்தைச் செய்யப் போகிறீர்கள் என்பதும், உங்களை அதற்கு அனுப்புகிறவர்கள் யார் என்பதும் தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல இயலாது. கீழே உள்ள பதில்கள் அனைத்தும் அந்த இரண்டையும் மனத்தில் வைத்தே எழுதப்பட்டுள்ளன.

பிளஸ் டூ முடித்துவிட்டேன். தென்னிந்தியத் திருச்சபையில் ஆயராக வேண்டும் என்பது என் வாஞ்சை. நேரடியாக பி.டிஎச். சேரலாமா, அல்லது கலைக்கல்லூரியில் ஒரு பட்டம் பெற்றுவிட்டு வர வேண்டுமா? (நாசரேத்)

கலைக்கல்லூரிக்குச் செல்லுங்கள் என்பதே என் ஆலோசனை. பி.டிஎச். என்பது பிளஸ் டூ தேர்ச்சியின் அடிப்படையில் சேரக்கூடிய இளநிலை இறையியல் பட்டம். பி.டி. என்னும் இறையியல் பட்டப்படிப்பு பொதுவாக ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றவர்களுக்குரியது. பட்டதாரிகளுக்கு அது வழக்கமாக நான்கு ஆண்டுப் படிப்பு. திருமண்டலங்கள் (ஒரு பேராயரின் கீழ் உள்ள சபைகளின் தொகுதிகள்) ஆயர் பயிற்சிக்கு ஆட்களைத் தெரிந்தெடுக்கும்போது பட்டதாரிகளையும் பி.டி. படிப்பையுமே பெரும்பாலும் விரும்புகின்றன. வரலாறு, தமிழ் இலக்கியம், சமூகவியல், உளவியல் போன்ற ஒன்றைப் படித்துவிட்டு வருகிறவர்கள் இறையியலை ஆழமாகப் பிடித்துக்கொள்வதை வகுப்பறையில் தொடர்ந்து பார்த்திருக்கிறேன். வயதும் ஒரு காரணம்: 17 வயதில் விடுதிக்கு வந்து 21 வயதில் ஒரு சபையின் மரண வீட்டிலும் குடும்பச் சண்டையிலும் நடுவில் நிற்பது ஒருவருக்குச் சுமத்தக்கூடாத பாரம்.

இதைவிட முக்கியமான காரியம் ஒன்று உண்டு. தென்னிந்தியத் திருச்சபையில் குருப்பட்டத்துக்கு (ஆயராக அபிஷேகம் பெறுவதற்கு) வழி கல்லூரியிலிருந்து தொடங்குவதில்லை. உங்கள் சேகர குருவின் (உங்கள் பகுதிச் சபைகளுக்குப் பொறுப்பான ஆயரின்) பரிந்துரை, சபையின் ஒப்புதல், திருமண்டலத்தின் தேர்வு, நேர்காணல் ஆகியவற்றைக் கடந்து, திருமண்டலமே உங்களைத் தன் மாணவராகக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும். அந்த அனுப்புதல் இல்லாமல் தனியாகச் சேர்ந்து பி.டி. முடித்தவர், பட்டம் கையில் இருந்தும் ஆயராக எடுத்துக்கொள்ளப்படாமல் பல ஆண்டுகள் காத்திருக்க நேரிடுகிறது. ஆகவே இளங்கலை படிக்கும் மூன்று ஆண்டுகளிலும் ஞாயிறு பள்ளி, வாலிபர் ஐக்கியம், கிராம ஊழியம் ஆகியவற்றில் உங்கள் சேகரத்திலேயே உழைத்து, உங்களைச் சபை அறிந்துகொள்ளும்படி செய்யுங்கள்.

செராம்பூர் பட்டம், ஏ.டி.ஏ. பட்டம் என்கிறார்கள். இரண்டுக்கும் என்ன வேறுபாடு? எது அரசு அங்கீகாரம் பெற்றது? (திருச்சி)

இந்தக் கேள்வியில் குழப்பம் மிகுதியாக இருப்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

வங்காளத்தில் ஹூக்ளி நதிக்கரையில், அப்போது டென்மார்க்கின் ஆட்சியில் இருந்த செராம்பூரில், வில்லியம் கேரி, ஜோஷுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு ஆகிய மூவரும் 1818-ஆம் ஆண்டு ஒரு கல்லூரியை நிறுவினார்கள். டென்மார்க் அரசர் ஆறாம் ஃபிரடெரிக் 1827-இல் அதற்குப் பட்டங்கள் வழங்கும் உரிமையை அரச சாசனமாக அளித்தார். செராம்பூரும் நம் தரங்கம்பாடியும் 1845-இல் ஒரே உடன்படிக்கையின் கீழ் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டபோதும் அந்த உரிமை காக்கப்பட்டது. பிறகு 1918-இல் வங்காளச் சட்டமன்றம் இயற்றிய செராம்பூர் கல்லூரிச் சட்டத்தின் வழியாக, பல திருச்சபைகளின் பிரதிநிதிகள் அடங்கிய செனட் என்னும் அமைப்பு உருவானது. இன்று இந்தியாவிலும் அண்டை நாடுகளிலும் உள்ள பல இறையியல் கல்லூரிகள் இந்த செனட்டுடன் இணைக்கப்பட்டிருக்கின்றன. பாடத்திட்டம், தேர்வு, பட்டம் ஆகியவை செனட்டின் பொறுப்பு. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி, சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள குருக்குல் லுத்தரன் இறையியல் கல்லூரி, 1910-இல் தொடங்கிய பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரி, புனேயில் உள்ள யூனியன் பிப்ளிக்கல் செமினரி ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை.

ஏ.டி.ஏ. எனப்படும் ஆசிய இறையியல் சங்கம் 1970-ஆம் ஆண்டு தோன்றியது. அது பல்கலைக்கழகம் அன்று. கல்லூரிகளின் ஆசிரியர் தகுதி, நூலகம், பாடத்திட்டம், நிர்வாகம் ஆகியவற்றை ஆய்ந்து தரச்சான்று அளிக்கும் அமைப்பு. சுவிசேஷ மரபைச் சேர்ந்த பல நல்ல கல்லூரிகள் இதன் சான்றைப் பெற்றுள்ளன. எம்.டிவ். என்னும் மூன்றாண்டு முதுநிலைப் படிப்பு இவ்வகைக் கல்லூரிகளில் மிகுதியாகக் காணப்படும். மிஷனெரி இயக்கங்களிலும் சுயாதீன சபைகளிலும் ஊழியம் செய்யவும், வெளிநாட்டு இறையியல் கல்லூரிகளில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கவும் இது பெரும்பாலும் போதுமானது.

அரசு அங்கீகாரம் என்று கேட்கும்போது, எதற்கான அங்கீகாரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவின்படி, மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் நிறுவப்பட்ட பல்கலைக்கழகங்களும், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும், நாடாளுமன்றம் சிறப்பாக அதிகாரமளித்த நிறுவனங்களும் மட்டுமே பட்டம் வழங்கலாம். ஆகவே ஏ.டி.ஏ. சான்று பெற்ற கல்லூரியின் பட்டத்தைக் கொண்டு அரசு வேலையையோ, கல்லூரி ஆசிரியர் பணியையோ எதிர்பார்ப்பது தவறு. செராம்பூருக்குச் சட்டப் பின்புலம் இருந்தாலும், அந்தப் பட்டத்தைத் தன் படிப்புக்கு இணையாக ஏற்பதா என்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியே முடிவு செய்கிறது. பி.டி. முடித்தபின் வேறொரு முதுகலைப் படிப்பில் சேர எண்ணினால், அந்தப் பல்கலைக்கழகத்திடமே எழுத்து மூலமாக இணைத்தன்மை பற்றிக் கேட்டுப் பெறுங்கள்; கல்லூரி அலுவலகம் வாய்மொழியாகச் சொல்வதை நம்பிச் சேர வேண்டாம். பல்கலைக்கழகப் பட்டமே தேவை என்பவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்தவ ஆய்வுத் துறை போன்ற வேறு வாசல்களும் உள்ளன. ஆனால் அங்கே கிடைப்பது கல்விப்புலப் பயிற்சி. ஆயர் பணிக்கான பயிற்சி அங்கே நோக்கமல்ல.

பி.டி. படித்தால் வேதத்தை விமர்சிக்கக் கற்றுக்கொடுத்து விசுவாசத்தைக் கெடுத்துவிடுவார்கள் என்று எங்கள் சபை மூப்பர்கள் எச்சரிக்கிறார்கள். (மார்த்தாண்டம்)

மூப்பர்களின் கவலையை நான் சிறிதாக நினைக்கவில்லை. வேதாகமத்தின் முதல் ஐந்து நூல்களான ஐந்தாகமங்கள் எவ்வாறு தொகுக்கப்பட்டன, மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூன்று சுவிசேஷங்களுக்குள் ஏன் இவ்வளவு ஒற்றுமையும் வேற்றுமையும் இருக்கின்றன என்பன போன்ற கேள்விகளை முதலாம் ஆண்டில் சந்திக்கும் மாணவர்கள் சிலர் உண்மையிலேயே தடுமாறுகிறார்கள். ஜெபிக்க முடியவில்லை என்று வந்து அழுதவர்களும் உண்டு. ஆனால் இன்று அதே கேள்விகள் கைப்பேசி வழியாக உங்கள் சபையின் வாலிபர்களிடம் வந்து சேர்ந்துவிட்டன. அவற்றை முதன்முறையாகப் பிரசங்க பீடத்தில் நின்றுகொண்டு சந்திப்பதைவிட, பொறுமையுள்ள ஓர் ஆசிரியரின் முன்னிலையில், நூலகமும் ஐக்கியமும் உள்ள இடத்தில், நான்கு ஆண்டு அவகாசத்தோடு சந்திப்பது மேலானது.

கல்லூரிகள் எல்லாம் ஒரே போக்குடையவை அல்ல. செராம்பூருடன் இணைந்திருந்தும் சுவிசேஷ மரபில் உறுதியாக நிற்கும் கல்லூரிகள் உண்டு. புனே செமினரி அப்படிப்பட்டது. தலித் இறையியல், பெண்ணிய இறையியல், சூழலியல் ஆகியவற்றில் அழுத்தம் தரும் கல்லூரிகளும் உண்டு. நீங்கள் சேர விரும்பும் கல்லூரியின் விசுவாசப் பிரமாணத்தை வாசியுங்கள். அங்கே படித்து இப்போது சபைகளில் ஊழியம் செய்யும் இரண்டு மூன்று பேருடைய பிரசங்கத்தைப் போய்க் கேளுங்கள். கல்லூரியின் சிற்றேடு சொல்லாததை அந்தப் பிரசங்கங்கள் சொல்லிவிடும். முடிந்தால் ஒரு நாள் கல்லூரியிலேயே தங்கி, காலை ஆராதனையில் ஆசிரியர்கள் வந்து உட்காருகிறார்களா என்று பாருங்கள். அறிவும் பக்தியும் ஒரே ஆளிடத்தில் சேர்ந்திருப்பதைக் கண்ட மாணவர் எளிதில் இடறுவதில்லை.

தமிழ்வழியில் படிக்கலாமா? ஆங்கிலவழியில் படித்தால்தான் மதிப்பு என்கிறார்கள். (விருதுநகர்)

தமிழ்ச் சபைக்கு ஊழியம் செய்யப் போகிறவர் தமிழில் இறையியல் கற்பதை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். 1969-இல் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பி.டி. படிப்பையே தமிழில் படிக்க முடிகிறது என்பது இந்த நாட்டின் இறையியல் கல்வியில் பெரிய காரியம். கிறிஸ்துவின் பாடு மரணத்தைப் பற்றித் தமிழில் சிந்தித்து, தமிழில் விவாதித்து, தமிழில் கட்டுரை எழுதிப் பழகியவர், கிராமத்துப் பாட்டியிடம் அதைச் சொல்லும்போது மனத்துக்குள் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. நாட்டார் இசையை ஆராதனைக்குள் கொண்டுவந்த ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு அந்தக் கல்லூரியில்தான் ஆசிரியராக இருந்தார்; அத்தகைய உழைப்பு ஆங்கிலவழி வகுப்பறையில் பிறப்பது கடினம்.

ஆங்கிலத்தை விட்டுவிடலாம் என்பது இதற்குப் பொருளன்று. எம்.டிஎச். என்னும் இரண்டாண்டு மேற்படிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது; வேத விளக்கவுரைகளில் மிகுதியானவையும் அம்மொழியில்தான் உள்ளன. தமிழ்வழியில் படிக்கிறவர் வாரந்தோறும் ஆங்கில நூல் ஒன்றின் சில பக்கங்களையாவது வாசிக்கும் பழக்கத்தை விடக்கூடாது. கிரேக்கு, எபிரெயு வகுப்புகளையும் தேர்வுக்கான சுமையாக எண்ணாதீர்கள். பழைய ஏற்பாட்டிலோ புதிய ஏற்பாட்டிலோ மேற்படிப்புக்குச் செல்ல அந்த மொழிகள் கட்டாயம் வேண்டும்.

இலங்கை வாசகர் ஒருவரும் இதையே கேட்டிருக்கிறார். கண்டிக்கு அருகே பிலிமத்தலாவையில் 1963-இல் தொடங்கப்பட்ட இலங்கை இறையியல் கல்லூரியில் சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கிறார்கள். அதுவும் செராம்பூர் செனட்டுடன் இணைந்தது. இரு மொழியினரும் ஒரே வளாகத்தில் சேர்ந்து வாழ்ந்து ஜெபிப்பது அந்நாட்டின் சூழலில் தனக்கே உரிய பயிற்சி.

வங்கியில் பணிபுரிகிறேன், வயது 43. வேலையை விடாமல் படிக்க வழி உண்டா? (கோயம்புத்தூர்)

உண்டு. செராம்பூர் செனட்டின் விரிவாக்கப் பிரிவு சபை விசுவாசிகளுக்காகவே பி.சி.எஸ். என்னும் கிறிஸ்தவக் கல்விப் பட்டத்தை நடத்துகிறது. வீட்டிலிருந்தே படித்துத் தேர்வு எழுதலாம். பெங்களூருவை மையமாகக் கொண்ட டாஃப்டீ என்னும் விரிவாக்க இறையியல் கல்விச் சங்கம், வீட்டில் பாடம் படித்து, குறித்த நாளில் சிறு குழுவாகக் கூடி விவாதிக்கும் முறையைப் பின்பற்றுகிறது. குவாத்தமாலாவில் 1963-இல் பிரஸ்பிட்டேரியன் செமினரி ஒன்று தொடங்கிய முறை இது. உங்களுக்கு நான் பரிந்துரைப்பது குழுமுறையையே. தனியாகப் படிப்பவர்கள் பாதியில் நிறுத்திவிடுவது மிகவும் எளிது. இவை உங்களைச் சிறந்த வேதபாட ஆசிரியராகவும் உபதேசியாராகவும் ஆக்கும். குருப்பட்டம் பெறுவதற்கான வழியாக இவற்றை எண்ணிச் சேர வேண்டாம்.

நான் பெண். ஊழியத்துக்கு அழைப்பு இருக்கிறது, ஆனால் எங்கள் சபையில் பெண்களுக்குக் குருப்பட்டம் இல்லை. பி.டி. படிப்பது வீணா? (சென்னை)

வீண் அல்ல. தென்னிந்தியத் திருச்சபையில் பெண்கள் ஆயர்களாக இருக்கிறார்கள். 2013-ஆம் ஆண்டு நந்தியால் திருமண்டலத்தில் புஷ்ப லலிதா பேராயராகவே அபிஷேகம் பண்ணப்பட்டார். உங்கள் சபையின் நிலைப்பாடு அதுவாக இல்லை என்பது வருத்தமான உண்மை. அதைப் படிப்பு முடிந்தபின் கண்டுபிடித்து உடைந்துபோவதைவிட, இப்போதே சபைத் தலைவர்களிடம் நேராகக் கேளுங்கள்: “நான் படித்து வந்தால் எனக்கு என்ன பணி தருவீர்கள்?” பதில் தெளிவாக இல்லையென்றால், மருத்துவமனைச் சிற்றாலய ஊழியம், ஆற்றுப்படுத்துதல் (மனநல ஆலோசனை), இறையியல் கல்லூரி ஆசிரியப் பணி, வேதாகம மொழிபெயர்ப்பு ஆகிய துறைகளைக் கணக்கில் கொண்டு கல்லூரியைத் தெரிந்தெடுங்கள். ஆற்றுப்படுத்துதலில் ஈடுபாடு இருந்தால், மருத்துவமனையில் மேற்பார்வையோடு பயிற்சி தரும் கல்லூரியா என்று கேட்டறிந்த பின்னரே சேருங்கள். மாணவிகளுக்கான விடுதியும் பெண் ஆசிரியர்களும் அங்கே இருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள்.

பெந்தெகொஸ்தே சபை ஒன்றைப் பத்து ஆண்டுகளாக நடத்துகிறேன். எனக்கு இனிமேல் பட்டம் தேவையா? (திருவள்ளூர்)

பட்டம் தேவை என்று சொல்லமாட்டேன்; படிப்பு தேவை. வேதாகமக் கல்லூரிகள் பலவற்றில் ஓராண்டு, ஈராண்டுச் சான்றிதழ்ப் படிப்புகள் தமிழில் உள்ளன. பழைய ஏற்பாட்டு அறிமுகம், திருச்சபை வரலாறு, பிரசங்கக் கலை ஆகிய மூன்றும் நன்றாக நடத்தப்படும் இடமாகப் பார்த்துச் சேருங்கள்.

ஆறு மாதத்தில் இணையவழியில் டாக்டர் பட்டம் தருவதாக ஒரு நிறுவனம் அழைக்கிறது. கட்டணம் செலுத்தலாமா? (சேலம்)

செலுத்தாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள் வேண்டும். தொலைநிலையிலோ இணையவழியிலோ அதை வழங்கவும் அனுமதி இல்லை. பதிவு பெற்ற அறக்கட்டளை என்பதாலேயே ஒரு நிறுவனத்துக்கு மதிப்புறு டாக்டர் பட்டம் வழங்கும் உரிமை வந்துவிடாது. உழைக்காமல் பெற்ற பட்டத்தைப் பெயருக்கு முன்னால் எழுதிக்கொண்டு, உண்மையைப் பேச வேண்டிய பீடத்தில் ஒருவர் ஏறி நிற்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. விசுவாசிகளின் காணிக்கைப் பணமும் இதில் கரைகிறது.

கல்லூரியைப் பார்வையிடச் செல்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்? (மாணவர் ஒருவரின் பெற்றோர், தஞ்சாவூர்)

நூலகத்துக்கு முதலில் செல்லுங்கள். கடந்த பத்து ஆண்டுகளில் வெளிவந்த நூல்கள் அடுக்குகளில் இருக்கின்றனவா, மாணவர்கள் அங்கே உட்கார்ந்து படிக்கிறார்களா என்று பாருங்கள். முழுநேர ஆசிரியர்கள் எத்தனை பேர், அவர்களில் சபை ஊழியத்தில் இருந்து வந்தவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். வாரயிறுதிச் சபைப் பயிற்சியை யார் மேற்பார்வையிடுகிறார்கள் என்பதும் முக்கியம். மாணவரை ஒரு சபைக்கு அனுப்பிவிட்டு ஆண்டு முடிவில் கையெழுத்து மட்டும் வாங்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. செராம்பூர் இணைப்பு அல்லது ஏ.டி.ஏ. சான்று உள்ளது என்று சொன்னால், அது உங்கள் மகன் சேரும் குறிப்பிட்ட படிப்புக்கும் உண்டா, எந்த ஆண்டு வரை செல்லும் என்பதை அந்த அமைப்புகளிடமே உறுதிசெய்யுங்கள். கட்டணத்தைப் பற்றிக் கேட்கும்போது விடுதி, உணவு, தேர்வு, நூல்கள் அனைத்தையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். திருமண்டலமோ சபையோ எவ்வளவு ஏற்றுக்கொள்ளும் என்பதையும் கடிதமாகப் பெற்ற பின்னரே சேர்க்கைக் கட்டணத்தைச் செலுத்துங்கள்.